வராத ராசாவே நல்ல ராசா

பள்ளிமுனைக்கு வரும் வெளியூர்க்காரர் பெருக்கமரத்தைச் சுற்றிப் பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். 19 மீற்றருக்கு மேல் சுற்றளவுள்ள அந்த மரத்துக்கு, எந்தப் பெரிய ஆள் வந்தாலும் ஒருவரும் பெயின்ற் அடிப்பதில்லை. நாலு சுவரும் ஒரு கூரையும் உள்ள அறைக்குத்தான் அந்தத் தலைவிதி. பெரிய இடத்து ஆள் வருகிறார் என்று காதில் விழுந்ததும் சுவருக்குப் பூச்சு, கதவுக்கு வார்ணிஷ், சோடனைக்காரருக்கு ஒரே கிராக்கி. அந்தச் சோடனைக்காரரையும் அரண்மனைச் சிற்பியையும் ஒரே வரிசையில் இருத்தி நான் சொல்ல வருவது இதுதான்: ராச வருகைக்கு அறை சோடிக்கும் கலைஞனுக்கு வேண்டியது ராசா வருவார் என்ற செய்தி மட்டுமே. ராசா வேண்டியதில்லை.

முதற்சான்று நம் பக்கத்து வழக்கம். வடக்கில் நல்லது கெட்டதுக்கு வெள்ளை கட்டுவார்கள். கூரை வரிச்சும் ஒட்டடையும் எலி ஓடிய தடமும் தெரியாதபடி மேலே வெள்ளைத்துணி கட்டப்படும். மூலையில் சுருக்கம் இருக்கக் கூடாது, நடுவில் தொய்வு இருக்கக் கூடாது. அத்தனை பாட்டையும் அண்ணாந்து பார்ப்பவர் யார்? கட்டியவரும், "அந்த மூலை தொங்குது" என்று சொல்வதற்கென்றே வந்த சித்தப்பாவும்தான். சபை நடுவில் இருக்கும் கௌரவ விருந்தாளி அண்ணாந்து பார்த்தால் அவருடைய கௌரவம் என்னாவது?

இரண்டாவது சான்று சீமையிலிருந்து. விக்டோரியா மகாராணி 1876இல் இந்தியாவின் பேரரசி என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டாரே தவிர, இந்தியாவை எட்டியும் பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக, வைட் தீவிலிருந்த தமது ஒஸ்போர்ன் மாளிகையில் இந்தியாவை ஓர் அறையாகச் செய்து வைத்துக்கொண்டார். லாகூர் மேயோ கலைப்பள்ளியைச் சேர்ந்த பாய் ராம் சிங் 1891இல் அங்கே போய், பள்ளித் தலைவர் லொக்வூட் கிப்ளிங்கின் துணையோடு தர்பார் அறையை உருவாக்கினார். கணப்படுப்புக்கு மேலே தோகை விரித்த மயில் ஒன்று நிற்கிறது. தூரத்தில் தந்தவேலை போலத் தெரியும். கிட்டப் போனால் சாந்து. சுற்றியுள்ள வேலைப்பாட்டில் காகிதக்கூழும் உண்டு. மகாராணி மட்டும் கப்பலேறி இந்தியாவுக்கு வந்திருந்தால் இந்த மயிலுக்குப் பிறப்பே இல்லை. நாலு வாழைமரம், இரண்டு அலங்கார வளைவு, ஒரு பூமாலை என்று காரியம் முடிந்திருக்கும். மறுநாள் வாழைக்குலையையும் யாராவது வெட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

மூன்றாவது சான்றுக்குக் கடல் தாண்ட வேண்டாம். அரிப்புக்குப் போனால் போதும். முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யவென்று ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் அங்கே கிரேக்கப் பாணியில் ஒரு மாளிகை கட்டினார். கட்டுவித்தவரும் அவர், வந்து இருக்க வேண்டிய பெரிய மனிதரும் அவர். 1805இல் பதவியும் முடிந்தது. ஆனால் ஊர்வாயில் அது நோர்த் மாளிகை அல்ல, அல்லிராணிக் கோட்டை. அருச்சுனனைத் தலையால் தண்ணீர் குடிக்க வைத்த கதைப்பாடல் அல்லிக்கு, அந்தச் சுவர் எழும்பிய காலத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. என்றாலும் சொந்தக்காரரை வெளியேற்றிவிட்டு அவளைக் குடிவைத்திருக்கிறார்கள். கல்லுச்சுவரைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. பெயர் தெரியாத கதைசொல்லிகள் செய்த சோடனைக்கு உப்புக்காற்றும் ஒன்றும் செய்யவில்லை.

"மடுவுக்குப் பாப்பரசர் வந்தாரே, அது ராச வருகை இல்லையா?" என்று மறுப்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். வத்திக்கானுக்கு அவர் ஆட்சித் தலைவர். 2015 ஜனவரி 14இல் வந்து இறங்கியதும் உண்மை. ஆனால் மடுவில் அரசிருக்கை வெறுமையாக இருந்து அவருக்காகக் காத்திருக்கவில்லை. 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து ஓடிய 20 குடும்பங்கள் தூக்கிக்கொண்டு போன மாதா சுரூபத்துக்கே அந்த இடம் சொந்தம். அங்கே சோடனை எல்லாம் வீட்டுக்காரிக்கு. பாப்பரசரும் சனத்தோடு சனமாக அவளைத்தான் பார்க்க வந்தார். ஆகவே என் வாதத்துக்கு அவர் எதிரியல்ல, சாட்சி.

"ராசா வராவிட்டால் செலவெல்லாம் வீண்தானே?" என்பது அடுத்த மறுப்பு. வந்தால்தான் வீண் என்பேன். வருகிற ராசாவுக்கு முன்னால் பாதுகாப்பு அதிகாரிகள் வருவார்கள்; யன்னலை மறைக்கச் சொல்வார்கள், பூச்சாடியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், ஓவியத்துக்கு முன்னால் கதிரை அடுக்குவார்கள். ராசா போகும்போது நன்றி சொல்வது வீட்டுக்காரருக்கு. கலைஞன் அப்போது குசினிப் பக்கம் நிற்பான். வராத ராசாவால் இந்த உபத்திரவம் ஒன்றுமில்லை. சுவர் சுத்தமாகிறது, கூரை ஒழுக்கு அடைபடுகிறது, வீட்டுச் சனம் அந்த அறையில் இருந்து பழகிவிடுகிறது.

ஆகவே அரண்மனைகளுக்கு என் பரிந்துரை எளிமையானது. ஊருக்கு ஊர் வருகைத் திகதியை அறிவியுங்கள். சோடனை முடியட்டும், கலைஞனின் கூலி கடைசிச் சதம் வரை கைக்கு வரட்டும். அதன் பிறகு, தவிர்க்க முடியாத காரணத்தால் வர இயலவில்லை என்று அழகான கடிதம் ஒன்று அனுப்பிவிடுங்கள். அதையும் கண்ணாடிச் சட்டம் போட்டு அதே சுவரில் மாட்டிவிடுவோம்.