மாஃபியாவை மடக்க விரும்பும் நீதிபதிக்குச் சில யோசனைகள்

1980-களில் சிசிலியின் பலெர்மோ நகரில் நீங்கள் விசாரணை நீதிபதி என்று வைத்துக்கொள்வோம். வாழ்த்துகள். துப்பாக்கி வாங்கி வைக்காதீர்கள், கால்குலேட்டர் போதும். அங்கே விசாரணை நீதிபதியாக இருந்த ஜொவான்னி ஃபால்கோனே அப்படித்தான் தொடங்கினார். ஹெராயின் பிடிபட்டால் யாருடையதோ என்று கைவிரித்துவிடலாம். விற்ற காசு வங்கிக்கு வந்துதானே ஆகவேண்டும்? ஊரிலுள்ள வங்கிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, டாலர் மாற்றிய ரசீதுகளையும் காசோலைகளையும் கட்டுக்கட்டாக வரவழையுங்கள். ஊரின் பொருளாதாரத்தையே கெடுக்கிறீர்கள் என்று மேலிடம் முணுமுணுக்கும். சரியான பாதையில்தான் போகிறீர்கள்.

தெரிந்ததை மனதிலேயே பூட்டி வைக்காதீர்கள். தலைமை விசாரணை நீதிபதி ரொக்கோ கின்னிச்சியை 1983 ஜூலை 29 அன்று வீட்டு வாசலில் கார் குண்டு வைத்துக் கொன்றார்கள். அவருக்குப் பின் வந்த அந்தோனினோ கபொன்னெத்தோ, ஃபால்கோனே, பாவ்லோ பொர்செல்லினோ உட்பட நால்வரை ஒரு குழுவாக்கினார். ஒருவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியவேண்டும் என்பது ஏற்பாடு. ஒருவரைக் கொன்றால் வழக்கு சாகாது பாருங்கள். நிர்வாகவியலில் இதற்கு என்ன பெயரோ!

அப்ரூவர் கிடைத்தால் விடாதீர்கள். 1984-ல் மாஃபியாக்காரர் தொம்மாசோ புஷெத்தா வாய் திறந்தபோது ஃபால்கோனே தன் கையாலேயே வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார்.

குற்றப்பத்திரிகை எழுத அமைதியான இடம் வேண்டுமா? அசினாரா சிறைத்தீவு இருக்கிறது. 1985-ல் கொலை மிரட்டலுக்குப் பயந்து ஃபால்கோனேயையும் பொர்செல்லினோவையும் குடும்பத்தோடு அங்கே கொண்டுபோய் வைத்தது அரசு. பிறகு தங்கியதற்கும் சாப்பிட்டதற்கும் பில்லும் அனுப்பியது. ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருந்தாலும் நிம்மதி இல்லை. பாதுகாப்பு வண்டிகளின் சைரன் சத்தம் தாங்கவில்லை, இந்த நீதிபதிகளை ஊருக்கு வெளியே குடிவைக்கக்கூடாதா என்று பத்திரிகைக்கே கடிதம் எழுதுவார்கள் பக்கத்து வீட்டார்.

வழக்கு 1986 பிப்ரவரி 10 அன்று தொடங்கும். 475 பேர் மீது குற்றச்சாட்டு, குற்றப்பத்திரிகை 8,000 பக்கத்துக்கு மேல். சிறையை ஒட்டியே குண்டு துளைக்காத நீதிமன்றம் கட்டி, சுவரோரம் கூண்டுகளை அடுக்கியிருப்பார்கள். கூண்டுக்குள் ஒருவர் உதட்டைத் தைத்துக்கொண்டு வந்து நிற்பார். அதைவிடப் பெரிய ஆபத்து வக்கீல்களிடமிருந்து வரும்: ஆவணம் முழுவதையும் வாய்விட்டுப் படிக்கவேண்டும் என்று கேட்பார்கள். சட்டப்படி நியாயம்தான், படித்து முடிப்பதற்குள் காவல் காலம் காலாவதியாகி எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வாய்தாக்களைப் பார்த்துப் பழகிய நமக்கே வியர்க்கும் யோசனை. நாடாளுமன்றம் அவசரமாகச் சட்டம் திருத்தித்தான் அதைத் தடுக்கவேண்டியிருந்தது. நடுவில் ஒரு நீதிபதிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மாற்று நீதிபதிகளையும் ஆரம்பத்திலிருந்தே உட்கார வையுங்கள். 1987 டிசம்பர் 16 தீர்ப்பில் 19 பேருக்கு ஆயுள் தண்டனை. 114 பேர் விடுதலை. அந்த 114-தான் இது நாடகமில்லை என்பதற்குச் சாட்சி.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: ஜெயிக்காதீர்கள். ஜெயித்தால் கபொன்னெத்தோவின் நாற்காலி உங்களுக்குத்தான் என்று நினைப்பீர்கள். 1988 ஜனவரியில் நீதித்துறை உயர் மன்றம் சீனியாரிட்டி பார்த்து வேறொருவரை அமர்த்தியது. மறு ஆண்டு கடலோரம் நீங்கள் தங்கும் வீட்டருகே குண்டு கண்டெடுக்கப்படும். அது வெடிக்காததால், விளம்பரத்துக்காக நீங்களே வைத்துக்கொண்டது என்று பேசுவார்கள்.

1992 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதிசெய்தது. மே 23 அன்று கபாச்சி நெடுஞ்சாலையில் ஃபால்கோனே, நீதிபதியான அவர் மனைவி ஃப்ரான்செஸ்கா மொர்வில்லோ, மூன்று காவலர்கள் ஆகியோரைக் குண்டு வைத்துக் கொன்றார்கள். 57 நாள் கழித்து பொர்செல்லினோவும் ஐந்து காவலர்களும். இதற்கு யோசனை ஏதும் என்னிடம் இல்லை.

உத்தரவிட்ட மாஃபியா தலைவர் தோத்தோ ரீனா இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தலைமறைவு. 1993 ஜனவரி 15 அன்று பிடித்தார்கள். பிடித்த இடம் பலெர்மோவின் ஒரு தெரு.