கிளார்க்ஸ் டேபிளும் அம்புக்குறியும்

1980-களின் கடைசியில், 11-ஆம் வகுப்பில்தான் சார்பு என்ற பாடம் எங்களுக்கு வந்தது. தமிழ் வழி வகுப்பு. கரும்பலகையில் இரண்டு முட்டை வட்டங்கள், நடுவில் அம்புகள். இடப்பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு உறுப்பிலிருந்தும் ஒரே ஓர் அம்பு கிளம்பினால் அது சார்பு. ஒன்றிலிருந்து இரண்டு கிளம்பினாலும், ஏதாவது ஒன்று அம்பே இல்லாமல் நின்றாலும் சார்பு இல்லை. "இதுல ஒரு கேள்வி நிச்சயம்டா" என்றார் வாத்தியார். மதிப்பகம், துணை மதிப்பகம், வீச்சகம் எல்லாவற்றையும் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தோம். எதற்காக இந்த அம்புகள் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை, புத்தகமும் சொல்லவில்லை.

அதே ஆண்டில் எங்கள் எல்லாருடைய பையிலும் கிளார்க்ஸ் டேபிள் என்ற லாக் அட்டவணைப் புத்தகம் இருந்தது. இயற்பியல் செய்முறை வகுப்பில் அது இல்லாமல் ஒரு கணக்கும் முடியாது. 2.345-க்கு லாக் வேண்டுமானால் 23 என்ற வரிசைக்குப் போய், 4 என்ற பத்தியில் இருக்கும் 3692-ஐ எடுப்போம். வலக்கோடியில் உள்ள சராசரி வித்தியாசப் பத்திகளில் 5-க்கு நேராக 9 இருக்கும். கூட்டினால் 3701. ஆன்டிலாக் பக்கத்தில் .3701-ஐத் தேடினால் மறுபடியும் 2345 கிடைக்கும். போன வழியிலேயே திரும்பி வரலாம். இதைவிடக் கச்சிதமான சார்பு எது? ஓர் எண்ணைக் கொடுத்தால் ஒரே ஓர் எண் வருகிறது. பூச்சியத்துக்கும் எதிர்ம எண்களுக்கும் லாக் கிடையாது, மிச்சமிருக்கும் நேர்ம எண்கள்தான் மதிப்பகம். ஒன்றுக்கு ஒன்றாக இருப்பதால்தான் ஆன்டிலாக் என்ற நேர்மாறு சாத்தியமாகிறது. சைன் அட்டவணை 90 டிகிரியோடு நின்றுவிடுவதில் ஒரு வசதியும் இருந்தது. 150 டிகிரிக்கும் அதே .5000 தான், அதையும் சேர்த்திருந்தால், .5000-ஐ வைத்துக்கொண்டு கோணத்தைத் தேடுபவர் 30 என்பாரா, 150 என்பாரா?

பாடம் முழுவதும் அந்த அட்டவணைக்குள்ளேயே இருந்தது. ஆனால் கணக்கு வகுப்பில் கிளார்க்ஸ் டேபிளைத் திறந்து வைத்துக்கொண்டு யாரும் சார்பு நடத்தவில்லை. இன்றும் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இப்போது என் அக்கா மகள் 10-ஆம் வகுப்பு. கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமே 'உறவுகளும் சார்புகளும்'. லாக் புத்தகத்தை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எங்களுக்குக் கிடைக்காத ஒன்று அவள் கையில் இருக்கிறது. பாடப்புத்தகத்தின் க்யூஆர் கோடு வழியே போனால் ஜியோஜீப்ரா திறக்கிறது. 2001-இல் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய மென்பொருள் அது. ஸ்லைடரை இழுத்தால் பரவளையம் விரிகிறது, சுருங்குகிறது, கவிழ்ந்து படுக்கிறது. ஒன்று மாற மாற இன்னொன்று எப்படி மாறுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடுகிறாள். எங்கள் காலத்தில் கிராஃப் தாளில் பென்சிலால் புள்ளி வைத்து ஒரு வளைவரை போடுவதற்குள் மணி அடித்துவிடும். இந்த விஷயத்தில் அவளுடைய காலம்தான் நல்ல காலம்.

அப்படியும் அவளுடைய நோட்டில் அதே இரண்டு முட்டை வட்டங்கள். கொடுத்த சார்பை அம்புக்குறிப் படமாக, அட்டவணையாக, வரிசைச் சோடிகளாக, வரைபடமாகக் குறிக்கச் சொல்லும் கணக்கு. "மாமா, எல்லாம் ஒண்ணுதானே, எதுக்கு நாலு தடவை எழுதணும்?" என்றாள். நாங்கள் கேட்காத கேள்வி.

பதிலுக்கு வீட்டு மின்கட்டணத்தை எடுத்தோம். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்குமேல் அடுக்கடுக்காக விகிதம் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் அந்த ஒரு யூனிட்டோடு போகாது. 101 முதல் 200 வரைக்கும் இருந்த குறைந்த விகிதமும் கைவிட்டுப் போகும். அவள் வரைந்த வரைபடத்தில் 500-க்கும் 501-க்கும் நடுவே கோடு சட்டென்று மேலே தாவியது. "இதுக்கு ஒரே ஃபார்முலா இல்லையே. அப்ப இது சார்பா?"

இந்தக் கேள்விக்குக் கணித உலகம் பதில் தேடிய வரலாறு நீளமானது. 1748-இல் ஆய்லர் எழுதிய நூலில் சார்பு என்றால் மாறியும் மாறிலிகளும் சேர்ந்த ஒரு கோவை. அந்தக் கணக்கில் நம் மின்கட்டணம் சேராது. அதிரும் தந்தியின் வடிவம் பற்றி தலம்பேரோடு அவருக்கு வந்த விவாதம் அந்த வரையறையை அசைத்தது. 1755-இல் அவரே அதை விரித்தார். 1837-இல் டிரிக்லே, இடைவெளி முழுவதற்கும் ஒரே விதி தேவையில்லை, ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஒரு மதிப்பு ஒத்திருந்தால் போதும் என்றார். 1939-இல் பூர்பாக்கி குழு அதைக் கணங்களின் மொழியில் எழுதியது. நம் பள்ளிக்கூட முட்டை வட்டங்களும் அம்புகளும் அந்த மொழியின் படம்தான். சூத்திரத்துக்குள் அடங்காதவற்றையும் அணைத்துக்கொள்ளத்தான் அந்த வெறும் அம்பு தேவைப்பட்டது. கேள்வி இல்லாமல் இந்தப் பதிலை மட்டும் பிள்ளைகளிடம் கொடுப்பதுதான் இரண்டு தலைமுறையாக நடக்கும் அநியாயம்.

கதையைக் கேட்டுவிட்டு அவளாகவே மறுபடியும் இரண்டு வட்டங்கள் போட்டாள். இடப்பக்கம் யூனிட், வலப்பக்கம் ரூபாய். அம்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"மாமா, 0-லேர்ந்து 100 வரைக்கும் எல்லா அம்பும் பூச்சியத்துலதான் போய் விழுது. அப்ப இது ஒன்றுக்கு ஒன்று இல்லை. பில்லைப் பார்த்து யூனிட்டைச் சொல்ல முடியாது."

"100-க்கு மேல?" என்றேன்.

பென்சிலை எடுத்து 101-லிருந்து அம்பு போட ஆரம்பித்தாள்.