இரண்டு பயங்கள்

எங்கள் ஊர்த் தோட்டத்துக் கிணற்றின் மேல்படியில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஒன்பது வயது. முதுகில் சுரைக்குடுக்கை கட்டியிருந்தது. கீழே தண்ணீரில் மாமா மிதந்துகொண்டிருந்தார்.

"குதிடா."

"பயமா இருக்கு மாமா."

"எதுக்குப் பயம்? குதிக்கப் பயமா, முங்கிடுவோமோன்னு பயமா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரே சொன்னார்: "குதிக்கத்தான் பயம்னா ஏறி வீட்டுக்குப் போ, நாளைக்குப் பாத்துக்கலாம். முங்கிடுவோமோன்னு பயம்னா குதி. நான்தான் கீழே இருக்கேன்ல."

மாமா ஐந்தாம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போனவர். ஒரே பயத்தை அவர் இரண்டாகப் பிரித்துக் காட்டியது எவ்வளவு நுட்பமான காரியம் என்பது எனக்குப் புரிய இன்னும் இருபது வருடம் தேவைப்பட்டது. அதுவும் ஓர் ஆங்கில இலக்கணப் புத்தகத்தின் வழியாகப் புரிந்தது.

1983-ல் நான் பத்தாம் வகுப்பு. தமிழ் வழிக் கல்வி. மூன்றாவது பீரியட் ஆங்கிலம், நான்காவது பீரியட் தமிழ். ஆங்கில வாத்தியார் கரும்பலகையில் பட்டியல் எழுதிப் போடுவார்: அஃப்ரெய்ட் ஆஃப், இன்ட்ரஸ்டட் இன், சாரி ஃபார், ஷ்யூர் ஆஃப். எந்தப் பெயரடைக்குப் பின்னால் எந்தச் சிறு சொல் வரும் என்பதை நாற்பது பேரும் சேர்ந்து உரக்கச் சொல்லுவோம். கோடிட்ட இடத்தை நிரப்பினால் ஒரு மதிப்பெண். எங்களைக் கரையேற்ற வேண்டுமே என்ற அக்கறையில்தான் அவர் அப்படிச் செய்தார். அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

ஆனால் பாடத்தின் கதைப் பகுதியில் அதே அஃப்ரெய்டுக்குப் பின்னால் 'டு' வந்துவிடும். ஷ்யூருக்குப் பின்னாலும் வரும். பட்டியலில் 'ஆஃப்' என்றுதானே இருந்தது என்று ஒருநாள் எழுந்து கேட்டேன். "ரெண்டும் வரும், உட்காரு" என்றார். ரெண்டும் வரும் என்றால் ரெண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டேன். அந்தத் தவறான முடிவைப் பல வருடம் சுமந்தேன்.

மணி அடிக்கும். தமிழ் ஐயா வருவார். வினையெச்சம் நடத்துவார். செய்து, செய்பு, செய்யா என்று தொடங்கி நன்னூல் அடுக்கும் பன்னிரண்டு வாய்பாடுகளையும் ராகத்தோடு சொல்லுவோம். அடுத்த வாரம் தொழிற்பெயர், அது வேற்றுமை உருபு ஏற்பது. முந்தைய பீரியடில் எனக்குப் பூட்டிக் கிடந்த கதவின் சாவி இந்தப் பீரியடில் இருந்தது. அது சாவி என்று யாரும் சொல்லவில்லை. ஆங்கிலத்தைத் தமிழ் கொண்டு திறக்கலாம் என்ற நினைப்பே அன்று எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை. தமிழில் யோசித்தால் ஆங்கிலம் வராது என்பதுதான் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட அறிவுரை.

1990-ல் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். வேலைக்குப் போட்ட விண்ணப்பத்திலேயே 'ஐ ஆம் இன்ட்ரஸ்டட் டு வொர்க்' என்று எழுதியிருந்தேன். அது பெரிய குற்றமில்லை, வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வருடம் நடந்ததுதான் மனதில் தங்கிவிட்டது. வடநாட்டிலிருந்து மாற்றலாகி வந்திருந்த எங்கள் அதிகாரியின் தாயார் காலமானார். அந்த அதிகாரி என்னிடம் அன்பாக இருந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. இரவெல்லாம் யோசித்து ஆங்கிலத்தில் ஒரு துக்கக் கடிதம் எழுதினேன். முதல் வரி: 'ஐ ஆம் சாரி ஃபார் ஹியரிங்...'

பள்ளிக்கூடத்துப் பட்டியல்படி எழுதிய வரி. சாரி என்றால் ஃபார். ஆனால் அந்த வரியின் பொருள், செய்தியைக் காதில் வாங்கியதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்பதாகிவிட்டது. ஊரிலிருந்து திரும்பிய அதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். பக்கத்து மேசைக்காரர்தான் நகலைப் பார்த்துவிட்டு, "டு ஹியர்னு வரணும் தம்பி" என்றார். ஒரு தாயின் சாவுக்கு எழுதிய வரி பிசகிப்போனதே என்று நெடுநாள் வருந்தினேன். தமிழில் எழுதச் சொல்லியிருந்தால் அந்தப் பிசகு எனக்கு நேர்ந்தே இருக்காது. 'செய்தி கேட்டு வருந்துகிறேன்' என்று கை தானாக எழுதியிருக்கும். 'கேட்டதற்கு வருந்துகிறேன்' என்று எந்தத் தமிழனும் துக்கக் கடிதம் எழுதமாட்டான்.

சில வருடம் கழித்து, சென்னைக்கு வந்தபோது, திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகங்களைக் கிளறிக்கொண்டிருந்தேன். மைக்கேல் ஸ்வான் எழுதிய 'பிராக்டிகல் இங்கிலீஷ் யூசேஜ்' கிடைத்தது. 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட புத்தகம். நாங்கள் படித்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தைப் போல இலக்கண வகைகளின் வரிசையில் போகாமல், கற்பவர்கள் எங்கே இடறுவார்களோ அந்த இடங்களை எடுத்து வைத்துக்கொண்டு பேசும் புத்தகம். அதில் இந்தச் சொற்கள் இருந்தன. ஒரே பெயரடை, பின்னால் இரண்டு வினை வடிவங்கள், இரண்டுக்கும் வெவ்வேறு பொருள். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே படித்தேன்.

அஃப்ரெய்ட் டு ஜம்ப் என்றால், குதிப்பது என் கையில் இருக்கிறது, பயத்தால் நான் அதைச் செய்யத் தயங்குகிறேன். அஃப்ரெய்ட் ஆஃப் ட்ரௌனிங் என்றால், மூழ்குவது நானாகச் செய்வதல்ல, எனக்கு நேர்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். படித்ததும் கிணற்றின் மேல்படியும் மாமாவின் குரலும் வந்துவிட்டன. குதிக்கப் பயமா, முங்கிடுவோமோன்னு பயமா? ஆக்ஸ்ஃபோர்டு புத்தகம் சொன்னதை மாமா ஒரு கேள்வியாகவே கேட்டிருக்கிறார். 'குதிக்க' என்ற வினையெச்சம் ஒரு பயத்துக்கு, 'முங்கிடுவோமோ' என்பதில் இருக்கும் ஓகாரம் இன்னொரு பயத்துக்கு. அந்த ஓர் எழுத்தே நம் கையில் இல்லாத ஆபத்தைச் சொல்லிவிடுகிறது.

அன்று இரவு மற்றச் சொற்களையும் தமிழோடு வைத்துப் பார்த்தேன். 'இங்கிலீஷ் கற்பதில் ஆர்வம்' என்கிறோம். கற்பது என்ற பெயரோடு ஏழாம் வேற்றுமையின் 'இல்'. இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங் என்பதன் 'இன்' அதுவேதான். 'நலம், நலமறிய ஆவல்' என்று தலைமுறை தலைமுறையாகக் கடிதம் தொடங்கியிருக்கிறோம். அங்கே 'அறிவதில் ஆவல்' என்று யாரும் எழுதியதில்லை. ஆங்கிலத்திலும் ஒரு செய்தியை அறியும் ஆவலுக்கு இன்ட்ரஸ்டட் டு நோ, ஒரு வேலையில் ஈடுபடும் விருப்பத்துக்கு இன்ட்ரஸ்டட் இன் வொர்க்கிங். 'தாமதமாக வந்ததற்கு மன்னியுங்கள்' என்கிறோம். வந்தது என்ற பெயர், அதன்மேல் நான்காம் வேற்றுமையின் 'கு'. சாரி ஃபார் கமிங் லேட். 'கேட்டு வருந்தினேன்' என்பதில் கேட்டு என்பது வினையெச்சம். சாரி டு ஹியர். மூன்றாவது பீரியடும் நான்காவது பீரியடும் எனக்குள் கைகோத்துக்கொண்ட இரவு அது.

எல்லா இடத்திலும் உருவம் இப்படி ஒட்டி வராது. ஷ்யூர் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பத்தாம் வகுப்புக்குள் நுழைந்த அதே 1983 ஜூன் 25-ல் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் லார்ட்ஸில் நடந்தது. 1975-லும் 1979-லும் கோப்பையை வென்ற வெஸ்ட் இண்டீஸ் ஒரு பக்கம். இந்தியா 183 ரன்னில் சுருண்டது. வெஸ்ட் இண்டீஸ் ஜெயிப்பது நிச்சயம் என்றுதான் எங்கள் ஊர் டீக்கடையில் எல்லாரும் பேசினார்கள். அந்த நிச்சயம் பார்க்கிறவனுடையது. ஆங்கிலத்தில் அது ஷ்யூர் டு வின். ஜெயித்துவிடுவோம் என்ற நம்பிக்கை ஆடுகிறவனுக்கே இருந்தால் அது ஷ்யூர் ஆஃப் வின்னிங். அன்று இரண்டும் பொய்த்தன. வெஸ்ட் இண்டீஸ் 140-ல் ஆட்டமிழந்து 43 ரன்னில் தோற்றது. இங்கே தமிழின் உருபும் ஆங்கிலத்தின் சொல்லும் நேருக்கு நேர் நிற்கவில்லை. ஆனால் நிச்சயம் யாருடையது என்ற கேள்வியைத் தமிழிலேயே கேட்டுக்கொண்டால் விடை கிடைத்துவிடுகிறது. ஒரு வாத்தியார் அந்த ஒரு கேள்வியை வகுப்பில் போட்டிருந்தால் நாற்பது பேருக்கும் விளங்கியிருக்கும்.

இப்போது என் பேத்திக்கு எட்டு வயது. சென்னையில் ஆங்கில வழிப் பள்ளி. அவளுக்குப் பட்டியல் மனப்பாடம் இல்லை. காதால் கேட்டே ஆங்கிலம் வந்துவிட்டது. எழுதும்போது பிசகினால் கணினித் திரையே அடிக்கோடு போட்டுத் திருத்திக் கொடுக்கிறது. ஏன் திருத்தியது என்று அவள் கேட்பதில்லை, திரையும் சொல்வதில்லை. போன கோடை விடுமுறையில் நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனேன். பயிற்சியாளரிடம் தெளிவாகச் சொன்னாள்: "ஐ ஆம் அஃப்ரெய்ட் டு ஜம்ப்." இருபது வருடம் நான் தேடியது அவள் நாக்கில் இருந்தது. மகிழ்ச்சியாக இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அதைத் தமிழில் சொல்லச் சொன்னேன். "பயமா இருக்கு" என்றாள். எதுக்குப் பயம் என்றேன். "ஜம்ப் பண்ண." மூழ்கிவிடுவோமோ என்ற பயத்தை எப்படிச் சொல்லுவாய் என்றேன். கொஞ்சம் யோசித்து, "அதுவும் பயமா இருக்கு" என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்னிடம் இரண்டு பயங்களுக்கும் தமிழ் இருந்தது, ஆங்கிலம் இல்லை. அவளிடம் ஆங்கிலம் இருக்கிறது, தமிழில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. என் காலத்தில் ஆங்கில வகுப்பின் வாசலில் தமிழை நிறுத்தி வைத்தோம். அவள் காலத்தில் தமிழ் வாசல் வரைக்கும்கூட வருவதில்லை. இரண்டு மொழியையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தால் ஒன்று மற்றொன்றுக்கு வெளிச்சம் காட்டும் என்பதை நான் அனுபவித்து அறிந்தவன். என் பேத்திக்காவது அது தாமதமில்லாமல் கிடைக்கட்டும் என்று விரும்பினேன்.

அதனால் அந்தக் கோடை முழுவதும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். அவள் ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், நான் தமிழில். பிறகு மாற்றிக்கொள்வோம். கிணற்றுக் கதையைச் சொன்னேன். மாமாவின் கேள்வியை அவர் குரலிலேயே கேட்டுக் காட்டினேன். ஊரிலிருக்கும் பெரிய பாட்டிக்கு 'நலமறிய ஆவல்' என்று ஒரு கடிதம் எழுத வைத்தேன்.

விடுமுறையின் கடைசி வாரம். குளத்தின் ஆழமான பக்கத்தில், விளிம்பில் நின்றாள். முழங்கால் நடுங்கியது. நான் தண்ணீருக்குள் நின்று கையை நீட்டினேன். எதற்குப் பயம் என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்:

"தாத்தா, குதிக்கப் பயமில்ல. மூக்குக்குள்ள தண்ணி போயிடுமோன்னுதான் பயம்."

"நான்தான் கீழே இருக்கேன்ல" என்றேன்.

குதித்தாள்.