ஃபார்மட் ஆணையை மறுபரிசீலனை செய்யக் கோரி ஒரு மனு

அனுப்புநர்:
பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே தோளில் பையோடு அலையும் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரன்.

பெறுநர்:
பழைய கணினிகளுக்குப் பொறுப்பான உயர் அலுவலர் அவர்கள்
(அப்படியொரு பணியிடம் அனுமதிக்கப்பட்டு, நிரப்பப்பட்டும் இருக்கும்பட்சத்தில்).

பொருள்: அலுவலகக் கணினி – ஆன் ஆகிறது, உள்ளே போக மறுக்கிறது – விசாரணையின்றித் தண்டனை விதிக்கப்பட்டது – மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் வந்த ஆங்கில அறிவிப்பு, நாளிடப்படாதது.
2. "ஃபார்மட் அடிச்சு விட்ருப்பா" என்ற தங்கள் தொலைபேசி ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வை 1இல் கண்ட அறிவிப்பைத் தங்கள் அலுவலகத்தில் யாரும் படிக்கவில்லை. படித்திருந்தால், எந்தக் கோப்பு கெட்டது என்று கணினியே பெயர், முகவரியோடு ஒப்புக்கொண்டிருப்பது தெரிந்திருக்கும். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக், அதற்குள் சிஸ்டம் என்ற ஒற்றைக் கோப்பு. எந்த டிரைவரை எழுப்ப வேண்டும், எந்தச் சேவையை முதலில் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைப் படிக்க முடியாமல் விண்டோஸ் வாசலிலேயே நின்றுவிட்டது.

நான் வருவதற்குள் முதலுதவிகள் முடிந்திருந்தன. அணைத்துப் போட்டார்கள். சிபியுவின் தலையில் தட்டினார்கள். ரேமைக் கழற்றிப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினார்கள். ரப்பர் வைத்தியத்தை நான் கேலி செய்யமாட்டேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலையோரத்தில் அதனாலேயே எழுந்து உட்கார்ந்த கணினிகள் உண்டு. ஆனால் அது திரையே வராத நோய்க்கான மருந்து. இங்கே திரை வருகிறது, கம்பெனி லோகோ வருகிறது, அதற்குப் பிறகுதான் சங்கடம்.

நோயின் மூலத்தைத் தேடி மேசைக்கடியில் குனிந்தேன். யூபிஎஸ் இருந்தது. மேலே சின்ன பிள்ளையார் படம், காய்ந்த சாமந்தி, செல்போன் சார்ஜர். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மின்சாரம் போனால் கணினியைக் காப்பாற்றுவதற்காக வாங்கிய பெட்டி, ஜங்ஷன் பாக்ஸாகப் பணிமாற்றம் பெற்றிருந்தது. கணினி அந்த சிஸ்டம் கோப்பில் எதையோ எழுதிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருக்கிறது. பாதி எழுத்தோடு கோப்பு நின்றுவிட்டது. "பேட்டரி மாத்தலையாம்மா?" என்று இளநிலை உதவியாளரிடம் கேட்டேன். "புது கம்ப்யூட்டருக்கு ஃபண்டு வரும் தம்பி, பேட்டரிக்குக் கணக்குத் தலைப்பு இல்ல" என்றார். இந்த வாக்கியத்தை அலுவலக வாசலில் கல்வெட்டாகவே வைக்கலாம்.

விண்டோஸ் 7இல் ஸ்டார்ட்அப் ரிப்பேர் என்றொரு அதிகாரி குடியிருக்கிறார். அவரையும் அணுகினேன். சிக்கலைத் தேடுவதாகச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம் என்றார். பச்சைக் கோட்டை இடமிருந்து வலமாக ஓடவிட்டார். கடைசியில், தம்மால் தானாகச் சரிசெய்ய இயலாது என்று தெரிவித்து, இந்தப் பிரச்சினை குறித்துத் தகவல் அனுப்புவது பரிந்துரைக்கப்படுகிறது என்றார். செத்துக் கிடக்கும் கணினியிலிருந்து, இன்டர்நெட் இல்லாமல், யாருக்கு அனுப்புவது என்று கேட்க முடியவில்லை. அவரும் தங்கள் துறையில் பயிற்சி பெற்றவராகவே இருக்க வேண்டும்.

இனி, பார்வை 2இல் கண்ட தங்கள் ஆணை. அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது என்றால் என்னவென்று இந்த வட்டாரத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2001 ஜனவரி 1இல் பெரம்பலூரிலிருந்து பிரித்து அரியலூர் மாவட்டத்தை இன்ஸ்டால் செய்தார்கள். 2002இல் அன்இன்ஸ்டால் செய்து பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23இல் மீண்டும் இன்ஸ்டால் செய்தார்கள். இத்தனைக்கும் நடுவில் செந்துறைக்காரர் செந்துறையிலேயே இருந்தார். யாருடைய நிலமும் பட்டாவிலிருந்து காணாமல் போகவில்லை. ஹார்டு டிஸ்கில் அந்தச் சலுகை கிடையாது. "டி டிரைவுக்கு ஒன்றும் ஆகாது" என்று தாங்கள் ஆறுதல் சொன்னீர்கள். உண்மைதான், டி டிரைவ் காலியாக இருக்கிறது. பயனாளிகள் பட்டியல், தணிக்கைப் பதில், பெயர் வைக்காமல் சேமித்த பல கோப்புகள், எல்லாம் டெஸ்க்டாப்பில் கிடக்கின்றன. டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில். தங்கள் ஆணை பாய்வதும் அங்கேதான்.

ஆகவே ஆணையை நான் நிறைவேற்றவில்லை. பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி, முதல் வேலையாக எல்லாக் கோப்புகளையும் வெளி டிஸ்குக்கு மாற்றினேன். பிறகு ஹார்டு டிஸ்கில் பேட் செக்டார் இருக்கிறதா என்று பார்த்தேன். இந்த வரிசை மாறக் கூடாது. டிஸ்கே சாகக் கிடக்கும்போது முதலில் அதைச் சோதனையால் வதைத்தால், எடுக்க முடிந்ததும் போய்விடும். டிஸ்க் நன்றாகவே இருந்தது. விண்டோஸ் 7 பத்து நாளுக்கொருமுறை அந்த சிஸ்டம் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து ரெக்பேக் என்ற கோப்புறையில் வைக்கும். கெட்டதற்கு வேறு பெயர் வைத்து ஒதுக்கிவிட்டு, நகலை அதன் இடத்தில் வைத்தேன். கணினி உள்ளே போனது. சாமந்தியை மட்டும் எடுத்துப் போட்டேன்.

புதுக் கணினி வந்தால் இந்தத் தொல்லை தீரும் என்று தாங்கள் நினைக்கலாம். விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து இந்தத் தானியங்கி நகலை, இடத்தை மிச்சப்படுத்துவதற்காக நிறுத்திவிட்டார்கள். கோப்புறை உண்டு, கோப்பின் பெயரும் உண்டு, அளவு மட்டும் சுழியம். எந்த அலுவலகத்தைப் பார்த்து இந்த யோசனை தோன்றியதோ!

நான் பென் டிரைவில் கொண்டுவந்த லினக்ஸும் இங்கே புதிதல்ல. மாணவர்களுக்கு 2011 செப்டம்பர் 15 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் உருவாக்கிய நம் நாட்டுச் சரக்கு. விண்டோஸ் படுத்துக்கொண்டால் பாஸ் வழியாக நுழைந்து படங்களையும் பாடங்களையும் எடுத்திருக்கலாம். ஆனால் வந்ததும் வராததுமாக 'இடத்தை அடைக்குது' என்று அதைத்தான் முதலில் அழிக்கச் சொன்னார்கள். எங்கள் தொழிலும் அன்போடு அழித்துக் கொடுத்தது.

தங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று வருந்த வேண்டாம். 2024 ஜூலை 19இல் கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான கோப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களிலேயே போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல இடங்களில் தீர்வு என்னவென்றால், ஒருவர் கணினி கணினியாகப் போய், சேஃப் மோடில் நுழைந்து, அந்தக் கோப்பை மட்டும் அழிப்பது. கெட்ட கோப்பைத்தான் நீக்கினார்கள், கணினியை அல்ல.

எனவே கீழ்க்கண்டவற்றைப் பணிந்து கோருகிறேன்:

1. இனி ஃபார்மட் ஆணை எழுத்தில் வரட்டும். அதன் கீழே 'டேட்டா எடுத்தாயிற்று' என்று ஒருவர் கையொப்பமிடட்டும். கையெழுத்துப் போட வேண்டும் என்றால் நம் அலுவலகங்களில் எல்லோரும் ஒருமுறையாவது யோசிப்பார்கள்.

2. யூபிஎஸ் பேட்டரிக்கு ஒரு கணக்குத் தலைப்பு உருவாக்குக. முடியாவிட்டால், 'பூஜைச் செலவு' என்றாவது காட்டுக. பெட்டி ஏற்கெனவே அந்தப் பணியில்தான் இருக்கிறது.

3. திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. வெள்ளிதோறும் கணினிக்கு நகலெடுக்கும் நாள் நடக்கட்டும். நகல் எடுத்த டிஸ்கை அதே கணினியின் மேலேயே வைக்க வேண்டாம்.

4. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14க்குப் பிறகு இலவசப் பாதுகாப்புத் திருத்தம் வருவதில்லை. ஆகவே இந்தக் கணினியை முறைப்படி கண்டம் செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதுவரை இன்டர்நெட் இணைப்பு கொடாதீர்கள். கண்டம் செய்தபிறகு வராந்தாவிலும் போட்டுவைக்காதீர்கள். பெரம்பலூர் மாவட்டத்துக்குக் கல்லாய்ப்போன பொருள் ஒன்று போதும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் கல்மரம் இருக்கிறது.

இப்படிக்கு,
கூலி பாக்கியுள்ள சர்வீஸ்காரன்.

நகல்: புதுக் கணினி கொள்முதல் பிரிவுக்கு, தகவலுக்காக மட்டும்.

குறிப்பு: இம்மனுவின் மற்றொரு பிரதி வேறொரு பென் டிரைவில், வேறொரு ஊரில் இருக்கிறது. தங்களுடையது தொலைந்தால் சொல்லியனுப்பவும்.