விசையும் வடாமும்

தன்னிடமுள்ள குறையைத் தன் கையிலுள்ள பொருளின் தலையில் ஏற்றி, அந்தப் பொருளைச் சீர்திருத்தினால் தானும் சீராகிவிடலாம் என்று நம்புகிற விசித்திரப் பிராணி மனிதன். கையெழுத்து அழகாக வரவேண்டும் என்று பதினொரு பேனா வாங்கிய சிநேகிதர் எனக்கு உண்டு; சாரீரம் சேரவில்லை என்று சுருதிப் பெட்டியை மாற்றியவர்களை மயிலாப்பூரில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆயினும் இந்தச் சித்தாந்தத்தின் பூரண சொரூபத்தை நான் தரிசித்தது அசோக் நகரில், நாற்சிங்கத் தூணுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஒரு கத்திரி வெயில் காலத்தில், என் தமக்கை மகனுடைய தயவினால்தான்.

மருமான், ஞாயிறுதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போய், சிநேகிதர்கள் மேல் சாயக் குண்டு சுட்டு, அவர்கள் சுட்டதை முதுகில் வாங்கிக்கொண்டு வருகிற பழக்கமுள்ளவன். அந்தக் கருவியைத் துப்பாக்கி என்றால் அவனுக்குக் கோபம் வரும். 'மார்க்கர்' என்றே சொல்லவேண்டும். அதற்கு நியாயமும் இருக்கிறது. அமெரிக்காவில் நெல்ஸன் என்ற பெயிண்ட் கம்பெனிக்காக டெய்ஸி கம்பெனியார் செய்து கொடுத்த பழைய கருவி, வெட்டவேண்டிய மரங்களுக்கும் பிரிக்கவேண்டிய மாடுகளுக்கும் எட்ட நின்றே அடையாளப் பொட்டு வைப்பதற்காகப் பிறந்ததாம். மாட்டுக்கு வைத்த பொட்டை மனிதனுக்கும் வைத்துப் பார்க்கலாம் என்ற ஞானோதயம், 1981-ஆம் வருஷம் ஜூன் 27-ஆம் தேதி, நியூ ஹாம்ப்ஷயரில் ஹெனிக்கர் என்ற ஊர்க் காட்டில் 12 பேருக்கு உண்டாகி, முதல் ஆட்டம் நடந்தது. கொடிகளைக் கவர்ந்து ஜெயித்தவர் ரிட்சி ஒயிட் என்ற வனத்துறைக்காரர். அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. இந்தப் புராணத்தை மருமான் விஸ்தாரமாகச் சொல்ல, என் மனைவி வடாத்துக்குக் கூழ் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

அன்று வந்த பார்சலில் இருந்தது ஒரு புதிய விசை. குண்டு புறப்பட்ட பிறகு வீணாகும் வாயுவை ஒரு குட்டிக் குழாய் வழியே குட்டிச் சிலிண்டருக்குத் திருப்பிவிட, அது விசையை மறுபடி முன்னுக்குத் தள்ள, சுடுகிறவன் விரலை இறுக்கவும் இறுக்காமல் தளர்த்தவும் தளர்த்தாமல் ஒரு மத்தியஸ்த ஸ்திதியில் வைத்திருந்தால், குண்டுகள் தாரையாகப் போகும் என்பது அதன் தத்துவம்.

"இப்ப ஒண்ணொண்ணா சுடறதுல என்னப்பா குறை?" என்றேன்.

"ஒண்ணும் பட மாட்டேங்குது, மாமா."

கூடத்தில் பழைய பேப்பரை விரித்து, ஆலன் கீயினால் திருகாணிகளைக் கழற்றியதும், மார்க்கரின் உடல் புளியங்காய் ஓடு போல இரண்டாகப் பிளந்தது. உள்ளே அடங்கியிருந்த ஸ்பிரிங்குகளில் ஒன்று, நெடுநாள் சிறைவாசத்தின் ஆத்திரம் தீரத் துள்ளி எழுந்து, அரைமணி நேரத் தேடலுக்குப் பின் பூஜை மாடத்தில் பிள்ளையாரின் காலடியில் சரணாகதியாகக் கிடந்தது. எல்லாவற்றையும் மூடி, தீயணைப்புக் கருவிகளுக்கு வாயு அடைக்கும் கடையில் நிரப்பி வந்த கரியமில வாயுப் புட்டியைத் திருகினால், பாம்பு சீறுவது போல ஒரு சத்தம். மனைவி சமையலறையிலிருந்து சோப்பு நுரையைக் கொண்டுவந்து, கேஸ் சிலிண்டர் மாற்றும்போது தடவுவது போலத் தடவினாள். மூட்டு ஒன்றில் குமிழிகள் கிளம்பின. அங்கே இருக்கவேண்டிய ரப்பர் வளையம் பேப்பரின் மேல் சாவகாசமாகப் படுத்திருந்தது.

வளையத்தைப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனோம். ஓர் எண்ணெய் டின் இலக்கு, எனக்கு ஹெல்மெட். முதல் மூன்று குண்டுகளும் குழலுக்குள்ளேயே உடைந்து, வாய் வழியே இளஞ்சிவப்பாக ஒழுகின. புதிய விசைதான் காரணம் என்று நாங்கள் விசாரணை நடத்திக்கொண்டிருந்தபோது, கீழிருந்து தீர்ப்பு வந்தது: "மூணு நாளா டப்பாவைத் திறந்தே போட்டிருக்கியே, நமுத்துப் போகாம என்ன செய்யும்?" அது அப்பளத்துக்கு மட்டுமான சாஸ்திரம் அல்ல. மீனெண்ணெய் மாத்திரையின் உறை எந்த ஜெலட்டினோ, அரைநெல்லிக்காய் அளவுள்ள இந்தக் குண்டின் உறையும் அதேதான். சென்னையின் கடற்காற்றைக் குடித்து உப்பி, உருண்டை வடிவத்தை இழந்துவிடுகிறது.

பிரிக்காத பொட்டலம் ஒன்றைப் பிரித்தோம். இதற்குள் வெயில் ஏறிவிட்டது. 31 டிகிரிக்கு மேல் கரியமில வாயு திரவமாக இருக்கச் சம்மதிக்காது. புட்டிக்குள் அழுத்தம் ஏறும், குண்டின் வேகமும் ஏறும். விநாடிக்கு 300 அடிக்கு மேல் போகலாகாது என்பது மைதானத்து விதி. எங்கள் மாடியில் விதியும் இல்லை, வேகத்தை அளக்கும் கருவியும் இல்லை. மருமான் விரலை மத்தியஸ்த ஸ்திதியில் வைத்தான். விசை சத்தியம் தவறவில்லை; குண்டுகள் தாரையாகவே போயின. அதன் வேகத்தில் அவன் கை மட்டும் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போயிற்று. இதுவரை ஒவ்வொன்றாகத் தவறியவன் இப்போது ஒரே மூச்சில் பதினேழு முறை தவறினான். டின் மாசு மறுவின்றி நின்றது. இடப்பக்கத்தில், என் பழைய வேஷ்டியின் மேல் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த வடாம்கள்தாம் பொட்டிட்டுக்கொண்டு மங்களகரமாகக் காட்சியளித்தன.

சத்தம் கேட்டு மேலே வந்த மனைவி, டின்னைப் பார்த்தாள், வடாத்தைப் பார்த்தாள்.

"தண்ணியிலேயே போயிடற சாயம்தான், அத்தை. வேஷ்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்றான் மருமான்.

"அது இருக்கட்டும். காலையிலே சொன்னியே, ஒரு குண்டும் சுடாம ஜெயிச்சவர்னு," என்றாள் அவள், இளஞ்சிவப்பு வடாம் ஒன்றைக் கிள்ளி எடுத்தபடி. "அவர் என்ன விசை மாட்டிக்கிட்டு ஜெயிச்சாராம்?"