ஐஸ் விலையில் இறால்

எண்பதுகளில் எங்கள் பெரியப்பா நாகப்பட்டினத்தில் இறால் வியாபாரம் பார்த்தார். குளிர்பதன வசதி என்று அவரிடம் இருந்தவை ஒரு சுத்தியல், ஒரு சாக்கு, கொஞ்சம் உமி. உமிக்குள் புதைத்து வைத்த ஐஸ் பாரைச் சாக்கில் போட்டு உடைப்பார். கூடையில் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு இறால், மறுபடி ஐஸ். திருச்சி பஸ்ஸின் கூரையில் ஏற்றினால், திருவாரூர் தாண்டுவதற்குள் ஜன்னலோரத்துக்காரர்கள் மேல் சொட்ட ஆரம்பிக்கும். மழையென்று கையை நீட்டியவர்கள், முகர்ந்து பார்த்துவிட்டுக் கண்டக்டரைத் தேடுவார்கள்.

திருச்சியில் இறங்கும்போது இறாலின் தலை கறுத்திருக்கும். கெட்டுப்போச்சு என்று பாதி விலைக்குக் கேட்பார்கள். அது அழுகல் இல்லை. இறாலின் உடம்பிலேயே இருக்கும் நொதி காற்றுப் பட்டதும் காட்டுகிற வேலை. ஐஸில் வைத்தாலும் மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கும். தலைப்பக்கம்தான் அது அதிகம் என்பதால் தலையைக் கிள்ளிவிட்டால் கறுப்பு தள்ளிப்போகும். பெரியப்பாவுக்கு நொதி தெரியாது, கிள்ளத் தெரியும்.

இன்று வேதாரண்யம் பக்கமெல்லாம் வன்னாமி. 2009இல் வளர்க்க அனுமதி கிடைத்த பசிபிக் கரை இனம். குளத்திலிருந்து அள்ளியதும் ஐஸ் தண்ணீரில் முக்கிவிடுகிறார்கள், துள்ளக்கூட நேரமில்லை. கறுக்காமலிருக்க மெட்டாபைசல்பைட் குளியல். கம்பெனிக்குப் போனால் மைனஸ் 40 டிகிரி ஃப்ரீசர், அப்புறம் மைனஸ் 18இல் கன்டெய்னர். வழிநெடுக வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள ஒரு கருவியும் கூடவே பயணம் செய்கிறது. எந்தக் குளம், என்றைக்குப் பிடித்தது என்று ஜாதகத்தோடு அமெரிக்காவில் போய் இறங்குகிறது இறால்.

உள்ளூர்க்காரனுக்கு? தெர்மாகோல் பெட்டி, மேலே ஒரு கைப்பிடி ஐஸ். கூடையிலாவது உருகிய தண்ணீர் அழுக்கையும் கிருமியையும் கழுவிக்கொண்டு கீழே போனது. இந்தப் பெட்டியில் ஓட்டை கிடையாது. மத்தியானத்துக்குள் இறால் அதே கலங்கல் தண்ணீரில் ஊறி, சாரமிழந்து, கூழாகிவிடும். பெட்டி மட்டும் பளிச்சென்று இருக்கும்.

அதற்குப் பயந்துதான் பெரியம்மா வீட்டில் இப்போது ஃப்ரோசன் பாக்கெட். உறைந்த இறால் காய்ந்து வெளுக்காமலிருக்க மேலே மெல்லிய பனிப்பூச்சு போடுவார்கள். அவசியமானதுதான், எவ்வளவு மெல்லியது என்பதில்தான் வியாபாரம். சமீபத்தில் ஒரு கிலோ பாக்கெட்டைக் கரையவிட்டு, தண்ணீரை வடித்து, தராசில் வைத்தார். முள் முக்கால் கிலோவிலேயே நின்றுவிட்டது.

“ஏம்ப்பா, உங்க பெரியப்பா காசு கொடுத்து ஐஸ் வாங்கி இறாலை வித்தாரு. இவங்க இறாலைக் காட்டி ஐஸை விக்கிறாங்களா?”

தொக்கு என்னவோ நன்றாகத்தான் வந்தது.