தானே சுழன்ற எண்: தோ பாயோ ஐஎஸ்டிஎன் இணைப்பியல், ஓர் ஆய்வு

ஐஎஸ்டிஎன் என்பது சாதாரணத் தொலைபேசிக் கம்பியிலேயே 64 கிலோபிட் தடம் இரண்டையும், சமிக்ஞைக்கென 16 கிலோபிட் தடம் ஒன்றையும் ஓட்டும் இணைப்பு. சிங்கப்பூர் முழுவதற்கும் அது 1989இல் வந்தது. ஆய்வுக்களம் தோ பாயோ. அங்குள்ள 53ஆம் புளோக்கிற்கு 1972இல் எலிசபெத் அரசியார் வந்து போனார். இதற்கும் இணைப்புக்கும் தொடர்பில்லை; ஆயினும் களவரலாறு இல்லாத கட்டுரையை நெறியாளர் தொடவும் மாட்டார்.

இணைப்பியலின் உறுப்புகள் நான்கு: கம்பி, பெட்டி, அட்டை, ஐயம்.

கம்பி சுவரில் இருக்கும்.

பெட்டிக்கு என்டி1 என்று பெயர். வெளியிலிருந்து வரும் இரண்டு கம்பியை அது உள்ளே நான்காக்கும். அதன்பின் எட்டுக் கருவிகள்வரை மாட்டலாம். எட்டு ஏன் என்பதற்குத் திக்குப் பாலகரைக் காரணம் காட்டுவாரும் உளர்.

அட்டை கணினிக்குள் செருகப்படுவது. லினக்ஸில் ஹைசாக்ஸ் என்னும் இயக்கி அதை எழுப்பியது. நெறிமுறை எண் 1 என்றால் பழைய ஜெர்மானியம், 2 என்றால் ஐரோப்பியம். பிறகு ஐஎஸ்டிஎன்கன்ட்ரோல் கட்டளையால் இடைமுகம் படைத்து, அழைக்க வேண்டிய எண்ணையும், சும்மா இருந்தால் எத்தனை நொடியில் துண்டிப்பது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. கடவுச்சொல் பரிமாற்றம் ஐபிபிபிடி நிரலின் பொறுப்பு.

இனி ஐயம். தானே அழைக்கும்படி அமைத்த கணினி, வீட்டார் உறங்கும்போதும் எண் சுழற்றும். கட்டணமோ நேரக்கணக்கு. சும்மா இருப்பது ஞானியர்க்குக் கைகூடலாம். ஓயாமல் எதையாவது வினவும் நிரல்களுக்குக் கைகூடாது. அப்படியானால் அழைத்தவர் யார்? அமைத்தவரே என்பர் முதற்சாரார். வரிசையில் காத்திருக்கும் மடல் என்பர் இரண்டாம் சாரார். மூன்றாம் சாரார் பதிவேட்டைத் திறந்து பார்த்தனர்; கம்பியைத் திறக்கவைத்த பொட்டலம் 53ஆம் போர்ட்டுக்குப் போனதாக அதில் இருந்தது. தளப்பெயருக்கு முகவரி கேட்கும் வினவல் அது. விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பதிவேட்டைப் பாராமல், அதைப் பற்றிய அடிக்குறிப்பை மட்டும் படித்த நான்காம் சாரார், 53 என்பது புளோக் எண்ணே எனத் துணிந்தனர். அரசியார் வருகையே அழைப்பின் மூலகாரணம் என மூன்று இயல்களில் நிறுவினர். போர்ட் என்பது துறைமுகத்தைக் குறித்து, சிங்கப்பூரையே சுட்டும் என ஒரு பிற்சேர்க்கை. இதை மறுத்த ஐந்தாம் சாராரும் பதிவேட்டைத் திறக்கவில்லை. நான்காமவரை முப்பது இடங்களில் மேற்கோள் காட்டினர். அந்த முப்பதையும் எண்ணி நான்காமவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

பரிகாரம் ஒரே வரி: அழைப்பு முறையைக் கைமுறைக்கு மாற்றிவிட்டால், சொன்னாலொழியக் கணினி அழைக்காது. இதை எந்தச் சாராரும் எழுதவில்லை.

ஹைசாக்ஸ் இயக்கி 2019இல் லினக்ஸ் 5.3 கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது.